ஆளில்லாக் கொட்டகை

பாலில் தண்ணீர் கலப்பவனைக் கண்டால் எனக்கு ஆகாது, ஐயா. சிராங்கூன் சாலையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பரமசிவம் கொட்டகைப் பாலைக் குறை சொன்னவர் கிடையாது.

அப்படிப்பட்ட என்மேல்தான் வரி வழக்குப் போட்டார்கள். மாடு படுத்தால் கொட்டகை வரி, மனிதன் படுத்தால் வீட்டு வரி. வீட்டு வரி பல மடங்கு. பால் கறக்கும் தங்கராஜுவும் அவன் மனைவி பூவம்மாவும் என் கொட்டகையின் பின்கட்டில் படுக்கிறார்கள் என்று எவனோ வத்தி வைத்துவிட்டான். தோற்றால் கொட்டகை ஏலத்துக்குப் போய்விடும். உயர் நீதிமன்றம் வரை விடாமல் போனேன்.

வரி அதிகாரி வெள்ளைக்காரர், பாவம். பின்னிரவில் திடீர் திடீரென்று வந்து பார்த்தார். எப்போது வந்தாலும் இருவரும் வாளியும் கையுமாக விழித்திருந்தார்கள். பால்காரன் விடியுமுன் கறந்து, வீடு வீடாக ஊற்றிவிட்டு, மத்தியானம்தான் கண்ணயர்வான் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாய்களை மட்டும் பரணில் ஏற்றச் சொல்லியிருந்தேன்.

அங்கே மனிதர் எவரும் உறங்குவதில்லை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். பூவம்மாதான் கிண்டினாள்.

வாங்கிய தீர்ப்பைக் காப்பாற்ற வேண்டாமா? அவர்கள் தூங்கும் நேரம், யாரும் நுழைந்து பார்க்காதபடி, பின்கட்டை வெளியிலிருந்து பூட்டினேன்.

"வெக்கையா இருக்குண்ணே, மூச்சு முட்டுது," என்றாள் பூவம்மா.

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா, பொறுத்துக்க," என்றேன். அவளிடம் நான் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை.

ஒருநாள் மத்தியானம், மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. வைக்கோலில் எப்படித் தீப்பிடித்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தீயணைப்பு வண்டி வந்தது. கூட்டத்தில் வரி அலுவலகத்து ஆட்களும் நின்றார்கள்.

"உள்ள ஆளு யாராச்சும் இருக்காங்களா?" என்று தீயணைப்புக்காரர் ஒருவர் கேட்டார்.

"வைக்கோல்தாங்க," என்றேன்.

உடனே அவர்கள் பக்கத்துக் கடையைக் காப்பாற்றக் குழாயைத் திருப்பினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நான் பின்பக்கம் போனேன். அங்கே வேறு யாருமில்லை. கதவு அதிர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, தொறங்கண்ணே! அவளுக்கு மயக்கம் வந்துருச்சுண்ணே!"

தங்கராஜுவின் குரல்தான், மறைக்க மாட்டேன். சாவி என் மடியில் இருந்தது. ஆனால் உள்ளே ஆளில்லை என்று உயர் நீதிமன்றமே சொன்ன பிறகு, அதை மறுத்துக் கதவைத் திறக்க நான் யார், ஐயா?