புழு இல்லாத ஓட்டை

பெயர் இளையதம்பி ஜெயந்தன், வயது 47, தொழில் தோட்டம், முகவரி கோயில் வீதி, பழுகாமம்.

களுவாஞ்சிக்குடியில் சனிக்கிழமைகளில் கூடும் நஞ்சற்ற மரக்கறிச் சந்தையில் நான் மூன்று வருடங்களாகக் கத்தரிக்காய் விற்று வருகிறேன். என் கத்தரிக்கு ஒரு சொட்டு மருந்தும் அடித்ததில்லை. வாங்க வருபவர்கள் "பழுகாமம், நஞ்சற்றது" என்ற என் பலகையை வாசித்துவிட்டு, அதை நம்பாமல், காயைத் திருப்பித் திருப்பிப் புழு ஓட்டை தேடுவார்கள். ஓட்டை இருந்தால் நல்ல காய், இல்லாவிட்டால் நான் கள்ளன்.

இம்முறை என் மனைவி தக்ஷாயினி பழைய நுளம்பு வலைகளைத் தைத்துப் பாத்தி முழுவதையும் மூடியதால் ஒரு புழுவும் வரவில்லை. அதன் பின்னர் சந்தைக்குக் கொண்டு போன பளபளப்பான காய்களை ஒருவரும் தொடவில்லை. இரண்டு சனிக்கிழமையும் அவ்வளவையும் மாட்டுக்குப் போட்டேன். மூன்றாம் சனியும் விற்காவிட்டால் என் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுப்பதாகச் சந்தைப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார்.

அதன் பின்னர், நேற்றுக் காலை, சாக்குத் தைக்கிற ஊசியால் சின்னக் காயில் ஒன்று, பெரிய காயில் இரண்டு என்று நானே ஓட்டை குத்தினேன். ஒன்பது மணிக்குள் எல்லாம் விற்று முடிந்தது.

அதன் பின்னர் ஓய்வுபெற்ற ஆசிரியை கேதீஸ்வரி, தான் வாங்கிய இரண்டு கிலோவையும் வெட்டிப் பார்த்தும் ஒரு புழுவையும் காணவில்லையென்றும், நான் ஏமாற்றிவிட்டதாகவும் இந்தப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தார். கத்தரிக்காயில் புழு இல்லையென்று பொலிஸுக்கு இழுக்கப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குத்தியதை ஒப்புக்கொண்டு, அதற்குப் பதிலாக, குத்தாத காய் இரண்டு கிலோவை இன்று கொண்டுவந்து இந்த மேசையில் கேதீஸ்வரி ரீச்சரின் முன் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இது மருந்தடிச்ச காய் தம்பி. எனக்கு ஓட்டை உள்ளதையே தாங்க."

அந்த ஓட்டை நான் குத்தியதென்று மறுபடியும் சொன்னேன். அது தனக்குத் தெரியும் என்றும், ஆனாலும் இதைச் சமைக்க மனம் வராது என்றும், ஓட்டை உள்ளதைத் தந்தால் முறைப்பாட்டை வாபஸ் பெறுவதாகவும் சொன்னார்.

வரும் சனிக்கிழமை குத்திக்கொண்டு போவதா, குத்தாமல் கொண்டுபோய் இடத்தை இழப்பதா என்று இதை எழுதும் உத்தியோகத்தரிடம் கேட்டேன். அவர் அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். ஊசியால் குத்தியது உண்மை. காயில் மருந்தில்லை என்பதும் உண்மை. முதலாவதைச் சொன்னவுடன் எல்லாரும் நம்பினார்கள்.

(ஒப்பம்) இ. ஜெயந்தன்