பூசினாப்ல

என் மருந்துக் கடையிலும் பேரம் பேசுவார்கள், இன்ஸ்பெக்டர் சார். இருமல் மருந்தில் குறைக்க முடியாது என்றால் எதிரே நின்று இருமிக் காட்டுவார்கள். ஜவுளி வியாபாரி மகனான எனக்கு அதெல்லாம் பழக்கம். சரக்கு தரமாக இருந்தால் போதாது, எடுப்பாகவும் இருக்க வேண்டும் என்பார் அப்பா.

என் தங்கை அபிகாயிலுக்குத் தரத்தில் குறையில்லை. டீச்சர். ஆனால் ஈர்க்குச்சி. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியை வழித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருந்தா..." என்று இழுத்துவிட்டுப் போனார்கள். சத்து மாத்திரை என்று சொல்லி நான் ஸ்டீராய்டு கொடுத்தேன். அட்டையிலிருந்து பிரித்து, பெயர் இல்லாத டப்பாவில் போட்டு. பசித்தது, தின்றாள், கன்னம் உப்பியது. வண்டலூர் டெனிஸ் வீட்டில் பார்த்த அன்றே சம்மதம் சொன்னார்கள்.

கல்யாணத்தோடு விட்டிருக்கலாம். கன்னம் வற்றினால் மாமியார் வாய் சும்மா இருக்காதே. ஐந்து வருஷம் அனுப்பினேன்.

போன மாதம் போனில், "அண்ணா, தலை பிளக்குது. இந்த மாத்திரையாலயா? பேர் என்னண்ணா?" என்றாள்.

"நாளெல்லாம் கிளாஸ்ல கத்துறே. தலை வலிக்காம காலா வலிக்கும்?"

சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூளையில் ரத்தம் உறைந்து, வாய் கோணி, பேச்சு குழறியது.

"வேற என்ன மாத்திரை சாப்பிட்டாங்க? ஸ்டீராய்டு ஏதாவது? மறைக்காதீங்க, உயிர் விஷயம்," என்றார் டாக்டர்.

டெனிஸ் என்னைப் பார்த்தான்.

"மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கிற குடும்பம், டாக்டர். எங்களுக்குத் தெரியாதா? அதையெல்லாம் தொடமாட்டோம்," என்றேன்.

பல வருஷம் தின்றதை ஆஸ்பத்திரியில் வந்து திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. அதுவும் எனக்குத் தெரியும். சொன்னால் கடைக்குப் பூட்டு. அவளுக்கும் புருஷன் வீட்டில் மரியாதை போய்விடும். அதையும் நான் யோசிக்க வேண்டுமே.

அபிகாயில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மா... மா..." என்றாள். இன்னொரு தரம் முயன்றாள். "மாத்..."

"என்ன சொல்றா மச்சான்?" என்றான் டெனிஸ்.

"அம்மாவைத் தேடறா."

நானே போய் அம்மாவை அழைத்து வந்தேன். மூச்சு நிற்கும்வரை அம்மா அவள் கையை விடவில்லை. அபிகாயில் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லத்தான், சார். வாய் வரவில்லை, பாவம்.