பின்சக்கர டயர் இரண்டையும் நான் கிழித்தது பற்றி

என் பெயரும் முகவரியும் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது முப்பத்தாறு. அண்ணனுடைய பந்தய ஷெட்டில் டயர் வேலை முழுவதும் என் பொறுப்பு. சொல்லச் சொல்ல அப்படியே எழுதுவதாக இருந்தால் சொல்கிறேன், நீங்களாகச் சர்க்கரை தடவி எழுதுவதாக இருந்தால் வாயைத் திறக்க மாட்டேன் என்று நான் கூறியதைக் காவல் ஆய்வாளர் ஏற்றுக்கொண்டதன் பேரில் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

எங்களுடையது நேர்கோட்டுப் பந்தயம். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரிந்ததும் பாயும், எல்லைக்கோட்டை முதலில் தொட்டது ஜெயித்தது. வளைவு, திருப்பம் எதுவும் கிடையாது. எங்கள் வண்டியை ஓட்டுபவள் என் தங்கை. பச்சை விழுந்ததும் பின்சக்கரம் தரையைக் கவ்வ வேண்டும், கவ்வாவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைதான் வரும்.

சென்ற வாரம் அண்ணன் வேறொரு ஷெட்டிலிருந்து ஒரு ஜோடி டயர் வாங்கி வந்தார். எங்கள் டயரைவிட ஒரு கை அகலம் கூடுதல். அதற்கேற்ற அகல ரிம் போட்டால் எங்கள் வண்டியில் உள்பக்கம் இடிக்கும் என்பதால், இருக்கிற குறுகல் ரிம்மிலேயே ஏற்றச் சொன்னார். வேண்டாம் என்றேன். "அகலம் கூடினா பிடி கூடும், இதுகூடவா உனக்குத் தெரியாது?" என்றார். ஏற்றினேன். அதன் பிறகு டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, ஷெட் வாசலில் வண்டியை மெதுவாக உருட்டச் சொன்னேன். எந்த டயரானாலும் நான் இப்படித்தான் பார்ப்பேன். தரையில் பட்ட இடத்தில் சாக்பீஸ் அழியும், படாத இடத்தில் அப்படியே நிற்கும். நடுவில் மட்டும் அழிந்திருந்தது, இரண்டு ஓரமும் வெள்ளையாகவே இருந்தன. குறுகல் ரிம் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிப்பதால் டயர் நடுவில் உப்பி நிற்கிறது, இவ்வளவு அகலம் இருந்தும் தரையில் படிவது பழைய டயர் அளவுக்குக்கூட இல்லை என்று அண்ணனுக்குக் காட்டினேன்.

அதன் பிறகு அண்ணன் காற்றைக் குறைத்தார். குறைக்கக் குறைக்க டயர் தளர்ந்து ஓரமும் தரையில் படிந்தது, கோடு முழுக்க அழிந்தது. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான் டயரின் பக்கச்சுவரைத் தடவிப் பார்த்தேன். மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடந்தது. வாசலில் உருட்டும்போது படிவது வேறு, முழு வேகத்தில் அந்தத் தொளதொளப்பு என்ன செய்யும் என்பது வேறு.

மறுநாள் டெஸ்ட் ஓட்டத்தில் அது தெரிந்தது. புறப்பாடு பிரமாதம், அதை நான் மறுக்கவில்லை. எங்கள் வண்டி அப்படிக் கவ்விப் பாய்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் எல்லைக்கோட்டை நெருங்கும்போது பின்பாகம் குடித்தவன் நடையாக இரண்டு பக்கமும் ஆடியது. தங்கை இறங்கி வந்து, "அக்கா, கடைசியில வண்டி என் பேச்சையே கேக்கல" என்று சொல்லிச் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் ஆடியிருந்தால் வண்டி கவிழ்ந்திருக்கும், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய டயரையே போடுவோம் என்று அண்ணனிடம் சொன்னேன். பெரிய குழு ஒன்றின் முதலாளி இவள் ஓட்டத்தைப் பார்க்க வருகிறார், பிடித்துப்போனால் தன் வண்டியில் உட்கார வைப்பார், "நீ நடுவுல வாய வைக்காம இரு" என்றார். தங்கையும் அதையே சொன்னாள். அந்த இருக்கைக்கு அவள் எப்படி ஏங்கினாள் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

பந்தயத்தன்று வண்டிப் பரிசோதகரிடம் போய்ச் சொன்னேன். அவர் டயரின் அகலத்தை அளந்து, விதிக்குள்தான் இருக்கிறது என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். அதன் பிறகு வால்வைத் திறந்து காற்று முழுவதையும் இறக்கினேன். அண்ணன் கண்டுபிடித்து, நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மறுபடி அடைத்தார். வண்டி வரிசைக்குப் போனது. தங்கை ஹெல்மெட் போட்டு, பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தாள். காற்றை இறக்கினால் அடைப்பார், நடுவில் குத்தினால் ஒட்டுப் போடுவார், பக்கச்சுவரைக் கிழித்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது தெரிந்தே, ரப்பர் அறுக்கும் கத்தியால் முதலில் இடது டயரையும் அதன் பிறகு வலது டயரையும் பக்கச்சுவரில் கிழித்தேன். வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. "அடிப்பாவி அக்கா! என்ன பண்ணித் தொலைச்ச!" என்று தங்கை அலறினாள். அந்த முதலாளி எழுந்து போனதை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

பொறாமையில் செய்தேன் என்று அண்ணன் புகாரில் எழுதியிருக்கிறார். பொறாமைப்பட எனக்கென்ன தலையெழுத்தா? முதன்முதலில் இவளை எங்கள் வண்டியில் உட்கார வைக்கச் சொல்லி அண்ணனோடு மல்லுக்கு நின்றதே நான்தான். கோபத்தில் நிதானம் தவறிச் செய்ததாக எழுதினால் அண்ணன் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வார் என்று ஆய்வாளர் கூறினார். அப்படி எழுத வேண்டாம். நிதானமாகத்தான் செய்தேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாளைக்கே அந்த அகலத்தை அந்த ரிம்மில் ஏற்றினால் நாளைக்கும் கிழிப்பேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புகாரில் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பது தங்கை என்று ஆய்வாளர் காட்டினார். அவள் கையெழுத்துதான். இனி ஜென்மத்துக்கும் என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறாளாம். எனக்கு வலிக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சொல்லட்டும். சொல்வதற்கு அவள் முழுசாக இருக்கிறாள்.

இதில் உள்ளது அத்தனையும் நான் என் வாயால் சொன்னது, நடந்தது. வாசித்துக் காட்டக் கேட்டேன். எந்த வார்த்தையையும் மாற்றச் சொல்லவில்லை, மாற்றவும் விடமாட்டேன்.

(ஒப்பம்)