கட்டில் ஓரத்தில் ஒருவர்

“அந்த ரூம்ல ஏற்கெனவே ஒரு பொம்பள இருக்காங்க, சாந்தி.”

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் கம்யூட்டர் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணிதான் அப்படிச் சொன்னார். மடியில் வெள்ளைக் கோல். பக்கத்திலிருந்த தோழி அவருடைய கைப்பேசியை வாங்கி, திரையிலிருந்த ஹோட்டல் அறைப் படத்தைப் பார்த்தார்.

“காலி ரூம்க்கா. கட்டிலும் ஜன்னலும்தான் இருக்கு.”

“உனக்குக் காலி. எனக்குப் போன் வாசிக்குது, கட்டில் ஓரத்துல வெள்ளைச் சேலை கட்டின பொம்பள உக்காந்திருக்காங்கன்னு. முன்ன அந்த ஹோட்டல் வெப்சைட்டுல எதத் தொட்டாலும் ‘படம்’னு மட்டும்தான் சொல்லும். கண்ணு தெரியாதவங்க எப்படி புக் பண்றதுன்னு என் லோயர் லெட்டர் போட்டாரு. அப்புறம்தான் ஒவ்வொரு படத்துக்கும் விவரம் எழுதினாங்க.”

“வேற படத்தோட விவரத்த மாத்திப் போட்டிருப்பாங்க லா.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். போன் போட்டுக் கேட்டேன். சரியாத்தான் எழுதியிருக்கோம்னு சொல்றாங்க.”

சாந்தி கைப்பேசியை இன்னொரு முறை பார்த்துவிட்டு, திரையைக் கவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

“லோயர் என்ன சொல்றாரு?”

“விவரம் பொய்யா இருந்தா கேஸ் போடலாமாம். உண்மையா இருந்தா முடியாதாம்.”

“அதுக்காக அந்த ரூமயேவா புக் பண்ணீங்க?”

“வேற எப்படித் தெரிஞ்சுக்கிறது? சாவி கையில இருந்தாலும் நேரா உள்ள போக மாட்டேன். உள்ள ஏதாச்சும் இருந்தா விலகிக்கட்டும்னு ஹோட்டல்ல நம்ம எல்லாரும் செய்ற மாதிரி மூணு தரம் கதவத் தட்டிட்டு நிப்பேன். யாராச்சும் திறந்தா, கேஸ் இல்ல.”