மீன் வரைந்த கண்ணாடி

தவறாக நினைக்காதீர்கள், இந்த அறைச் சுவருக்கு இந்தப் பச்சை ஒத்துவரவில்லை. இந்த விளக்கு வெளிச்சத்தில் எதிரே உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் சீக்காளி முகம் வந்துவிடுகிறது. உங்களுக்கும்தான். கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை அடித்து, அந்த இரும்பு அலமாரியை வாசல் பக்கம் தள்ளிப் போட்டால் போதும். வருகிறவர்கள் தாங்களாகவே வாய் திறப்பார்கள். எனக்காக எதையும் மாற்ற வேண்டாம். நான் பேசத்தான் வந்திருக்கிறேன்.

என் தங்கை குளியலறையில் இறந்ததை விபத்து என்று எழுதி முடிக்கப்போகிறீர்கள். அவள் வீட்டுக்காரர் நேற்று உங்கள் போலீஸ் அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார். கீசரின் புகை வெளியே போக வழியில்லாமல் மூச்சு முட்டி இறந்திருக்கிறாள், சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வரி வருகிறது: 'இறந்தவர் தன் சொந்தக் கற்பனையில் வெண்டிலேட்டரின் மேல் பொருத்தவைத்த வண்ணக் கண்ணாடி.' அந்த வரி தவறு. அதைத் திருத்தத்தான் பஸ் பிடித்து வந்தேன்.

நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். தனி ஆள். தங்கை பக்கத்து வீடு. எங்களுக்குள் மனக்குறை வரக்கூடாது என்று அப்பா இரண்டு வீட்டையும் ஒரே அச்சில் கட்டிக்கொடுத்தார். என் வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கத் தெரிந்தவர் அவள் வீட்டிலும் நடந்துவிடலாம். குளியலறை அதே மூலையில், கேஸ் கீசர் அதே சுவரில், அதற்கு மேலே அதே சதுர வெண்டிலேட்டர். அப்பா எல்லாவற்றையும் யோசித்துத்தான் கட்டினார், பாவம்.

விடுமுறை வந்தால் நாங்கள் இருவரும் கிளம்பிவிடுவோம். பெரிய ஓட்டல்கள் எனக்கு ஆகாது. மலைச்சரிவிலோ கடலோரத்திலோ தங்கள் சின்ன வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் இருப்பார்கள். சாய்ந்த கூரை, குனிந்து நுழையும் கதவு, ஜன்னலுக்கு ஜன்னல் வேறு சாயம். அப்படிப்பட்ட வீட்டில் கால் வைத்ததுமே எனக்குக் கை பரபரக்கும். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே உள்ள ஓவியக்கூடத்துக்கும் போவேன். மற்றவர்கள் படத்தில் இருக்கும் சீமாட்டியைப் பார்ப்பார்கள். நான் அவளுக்குப் பின்னால் இருக்கும் திரைச்சீலையைப் பார்ப்பேன். ஒரு வீட்டில், எங்களுக்குத் தேநீர் கொண்டுவர பெரியவர் உள்ளே போன நேரத்தில், அவர் வீட்டு மேசைவிரிப்பின் ஓரத்தைப் புரட்டித் தையலை அளந்துகொண்டு வந்திருக்கிறேன். அந்த விரிப்புதான் இப்போது என் கூடத்தில் கிடக்கிறது. அதாவது, அதைப் போல நான் தைத்தது. அதையெல்லாம் திருட்டு என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். பார்த்துக் கற்பது வேறு.

தங்கை செய்தது வேறு. அவள் வெறுமனே பார்த்து அடித்தாள். என் வீட்டுச் சமையலறைக்குக் கடுகு மஞ்சள் அடித்தால், சாயம் காய்வதற்குள் வந்து நிற்பாள்.

"அக்கா, எவ்ளோ நல்லா இருக்கு! மிச்சம் இருந்தா ஒரு டப்பா குடேன்."

கொடுப்பேன். படிக்கட்டுச் சுவரில் பழைய தட்டுகளை மாட்டினேன். அவள் சுவரிலும் தட்டு. வாசலில் உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பதித்தேன். அவள் வாசலிலும் சில்லு. ஏன், எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் வீட்டில் ஒரு ஆணி வளைந்திருந்தால் அவள் வீட்டிலும் வளைத்து அடிப்பாள். ஆரம்பத்தில் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. கூடப் பிறந்தவள், கழுத்தைக் கட்டிக்கொண்டு வளர்ந்தவள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். வீட்டு அலங்காரத்துக்கென்று வருகிற பத்திரிகை, உங்கள் வீட்டிலும் யாராவது வாங்கக்கூடும். தங்கையோடு வேலை பார்க்கும் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என் வீட்டைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குள் போனார்கள். நான் உதவிக்குப் போயிருந்தேன். தேநீர்த் தட்டோடு கூடத்துக்குள் வந்தபோது, போட்டோகிராபர் கேமராவிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் விழுது."

தள்ளி நின்றேன். பேட்டி எடுத்த பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தங்கையிடம் கேட்டாள்.

"எப்படிங்க இதெல்லாம்? யார்கிட்டயாவது கத்துக்கிட்டீங்களா?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

"கத்துக்கிட்டதெல்லாம் இல்லைங்க. ஊர் ஊராப் போறப்ப கண்ணுல படும். அப்படியே எனக்கே தோணும்."

எனக்கே தோணும். நான் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன், சார். என் மஞ்சள், என் தட்டுகள், என் சில்லுகள், எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள். கையில் இருந்த தட்டு ஆடவில்லை. நான் நிதானமானவள் என்று என் பள்ளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொந்தத் தங்கை என்னை என் கண் முன்னாலேயே துடைத்துப் போட்டுவிட்டாள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. துரோகம் என்றால் யாராவது ஓடிப்போவார்கள், சொத்தை எழுதி வாங்குவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அவளிடம் சண்டை போடவில்லை. பத்திரிகை வந்ததும் எனக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல படங்கள். ஒரு படத்தின் ஓரத்தில் என் முழங்கை தெரிகிறது.

அதன் பிறகுதான் எனக்கு மீன் ஞாபகம் வந்தது. ஒரு கடலோர வீட்டில், குளியலறைச் சுவரில் உயரத்தில் நீலக் கண்ணாடி வைத்து அதில் மீன்கள் வரைந்திருந்தார்கள். காலை வெயில் பட்டால் தொட்டித் தண்ணீரில் மீன் நீந்தும். முதலில் பார்த்தவள் தங்கைதான். "அக்கா, ஓடி வாயேன், தண்ணியில மீன் ஓடுது!" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினாள். பார்ப்பது யாரும் பார்க்கலாம். அதை எப்படிச் செய்வது என்று யோசித்தவள் நான். அந்த வீட்டில் கண்ணாடியைத் திறந்து மூடக் கீல் வைத்திருந்தார்கள். நான் வரைந்தபோது கீல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சுற்றிலும் பசை வைத்து, ஈ எறும்பு நுழையாதபடி அடைத்தேன். பார்க்கவும் அதுதான் சுத்தமாக இருந்தது.

அதற்கு முன்பே என் வீட்டில் மின்சார கீசர் போட்டாகிவிட்டது. பரணில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பழைய கேஸ் கீசரின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அதைச் சுவரிலேயே விட்டுவைத்தேன். ஏன் கழற்றவில்லை என்று கேட்பீர்கள். அந்தச் செம்புக் குழாய்கள் நீலக் கண்ணாடிக்குக் கீழே அவ்வளவு எடுப்பாக இருந்தன. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக வைத்தேன். புதிதாக வந்து பார்க்கிறவர்களுக்கு அது ஓடுகிற கீசர்தான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அலங்காரத்துக்காகத்தான் என்று இங்கே சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். ஆனால் பாதி சொல்வதற்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. தங்கை அதைப் பார்ப்பாள், பார்த்தால் செய்வாள், செய்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளைக் கூப்பிட்டேன். புதிதாக ஒன்று செய்திருக்கிறேன், வந்து பார் என்றேன்.

வந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, தண்ணீருக்குள் கை விட்டு மீனைப் பிடித்துப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"அந்தக் கடல் வீடு! நீ மறக்கவே இல்லையாக்கா?"

"மறப்பேனா?"

"எனக்கும் ஒண்ணு வரைஞ்சு குடேன்."

வரைந்து கொடுத்தேன். அவள் வீட்டு வெண்டிலேட்டருக்கு அளவெடுக்கப் போகவேண்டிய அவசியம்கூட இல்லை, ஒரே அச்சு. அவளுடையதில் ஒரு மீன் அதிகம், வாலைத் திருப்பிக்கொண்டு போகிற மாதிரி. இத்தனை ஆண்டுகளில் நான் வரைந்ததிலேயே நல்ல மீன் அதுதான். கூடவே, குளிர்காலத்தில் கதவடியில் வரும் காற்றைத் தடுக்க நீளமாக ஒரு துணிப்பூனையும் தைத்துக் கொடுத்தேன். மலை வீடுகளில் அப்படிப் போட்டிருப்பார்கள். அதைக் குளியலறைக் கதவுக்கு உட்பக்கம் போட்டுக்கொள்ளச் சொன்னேன், பாதத்துக்கு இதமாக இருக்கும் என்று. அவள் பூனைக்குப் பெயர்கூட வைத்தாள்.

கண்ணாடியை ஸ்டூல் போட்டு ஏறி மாட்டியது அவள் வீட்டுக்காரர். பசை வைத்ததும் அவர்தான். அதனால் தன் கையால் மனைவியைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். சவரம் செய்வதில்லை, சாப்பிடுவதில்லை. என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சாப்பாடு போடுவேன். "நீங்க என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை, விதி" என்று ஆறுதலும் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனிதர், அறிவிப்புப் பலகைகள் செய்கிற வேலை, ஆனால் எந்த எழுத்து எந்தச் சாயத்தில் இருக்கவேண்டும் என்ற அறிவு மட்டும் கிடையாது. அவர் அழுவதை நான் இன்னும் பல நாள் பொறுத்துக்கொண்டிருப்பேன். நேற்று அந்த வரியை வாசித்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. செத்த பிறகும் அவளுடைய கற்பனை என்கிறீர்கள்.

அவர் உங்களிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். பத்திரிகைக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் தங்கை என்னிடம் வந்து, எல்லாம் அக்கா செய்ததுதான் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டாளாம். உண்மை. கேட்டாள். என் சமையலறையில், கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"என் பேரை எதுக்கு அதில இழுக்கற? உன் வீடு, உன் பேரே வரட்டும்" என்றேன்.

"நிஜமாவாக்கா?"

"நிஜமாத்தான்."

ஒரு பேச்சுக்குச் சொன்னேன், சார். இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்றால் நாம் போதும் என்று சொல்வதில்லையா, அது போல. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அல்லது நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். கூடப் பிறந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? அவள் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள்.

அவர் உங்களிடம் சொல்லாதது ஒன்று மிச்சம் இருக்கிறது. மறந்துவிட்டாரோ, என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லையோ. கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் நிற்கும்போது, காற்று எப்படிப் போகும் என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. தங்கை உடனே எனக்குப் போன் போட்டாள். அவர் தூரத்தில் முணுமுணுப்பது எனக்கும் கேட்டது.

"அக்கா, இவரு ரொம்ப யோசிக்கிறாரு. மூடினா ஒண்ணும் ஆகாதில்ல?"

"என் வீட்டிலும் மூடித்தானே இருக்கு. நான் குளிக்கலையா?"

"அதான் நானும் சொன்னேன். அக்கா சொன்னாப் போதும்னு."

மறுநாள் காலை வெயில் நன்றாக அடித்தது. மீன்கள் தண்ணீரில் தெளிவாக விழுந்திருக்கும். பார்த்துவிட்டுத்தான் போயிருப்பாள்.

எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடி என்னுடையது, மீன் என்னுடையது, யோசனை முழுக்க என்னுடையது. அவள் பெயரை எதற்கு அதில் இழுக்க வேண்டும்?