மக்காக இருக்கச் சொல்லிக்கொடுத்தேன்

காப்பிக்குச் சர்க்கரையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், மேடம். சின்ன ஸ்பூன் என் கையில் நிற்காது. விரல்களைப் பார்த்துச் சங்கடப்பட வேண்டாம், இப்போது வலிப்பதில்லை. மோதிர விரல் ஒரு பக்கம் போகும், சுண்டுவிரல் இன்னொரு பக்கம் போகும், அவ்வளவுதான். மோதிரத்தைக் கழற்ற முடியாததால்தான் எங்கள் கல்யாணம் இத்தனை வருஷம் நிலைத்தது என்று என் மனைவி சொல்வாள்.

இது பள்ளிக்கூட அணியில் ஆடும்போது வந்தது. அதற்குப் பிறகு இரும்பு ஆலையில் கரி அடுப்பு வேலை. அடுப்பு நுரையீரலை எடுத்துக்கொண்டது, மற்றதையெல்லாம் ஆட்டம் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தது. நான் மட்டும் இல்லை. காலையில் மார்ஜ் நடத்துகிற காப்பிக் கடைக்குப் போனால் என்னோடு ஆடியவர்கள் அத்தனை பேரும் ஒரே மேசையில் இருப்பார்கள். ஒரு நாள் டிக்கின் முள்கரண்டி கீழே விழுந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிக்குக்கு இடுப்பில் இரும்பு, எனக்கு முட்டியில் இரும்பு, லூ குனிந்தால் தலை சுற்றும். மார்ஜ் முட்டைத் தட்டோடு வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, யாரு செத்தது? மௌன அஞ்சலியா?" என்று கேட்டு, கரண்டியை எடுத்துக் கொடுத்தாள்.

லூ ஒரு காப்பி முடிவதற்குள் ஒரே கதையை மறுபடியும் சொல்வான். நாங்கள் மறுபடியும் சிரிப்போம். இரண்டாம் முறைதான் நன்றாகச் சொல்கிறான் என்று டிக் சொல்வான்.

எங்கள் ஊர் இப்படித்தான். யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. கிண்டல் செய்வோம். புரிந்துகொள்ள வேண்டியவன் புரிந்துகொள்வான்.

எம்மெட் சாவ்காவைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள். முன்பே யாராவது கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடத்து ஆட்கள் என்னிடம் கேட்டதெல்லாம், மற்ற பையன்கள் மனம் தளராமல் இருக்கிறார்களா என்பது மட்டும்தான்.

ஆலை மூடிய பிறகு பள்ளி அணிக்குச் சம்பளம் வாங்காத உதவிக் கோச்சாகப் போனேன். தடுத்து ஆடுகிற பையன்கள் என் பொறுப்பு. எம்மெட் அவர்களில் நடுவில் நிற்பவன். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிவருகிற எதிரணிக்காரன்மேல் பாய்ந்து அவனை மண்ணில் சாய்ப்பதுதான் அவன் வேலை. பெயர்தான் கால்பந்து. எங்கள் ஆட்டத்தில் காலைவிடத் தலைக்குத்தான் வேலை அதிகம்.

எங்கள் காலத்தில் தலைக்கு யாரும் பரீட்சை வைத்ததில்லை. கோச் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார். எதைச் சொன்னாலும், "கிட்டத்தட்ட சரி, உள்ளே போ" என்பார். இப்போது ஆகஸ்ட் மாதம், தலைக்கவசம் கொடுப்பதற்கு முன்பே, ஒவ்வொரு பையனையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கிறார்கள். சொற்களைக் காட்டி மறைப்பார்கள், நினைவிருக்கிறதா என்று கேட்பார்கள். வடிவங்களைக் காட்டுவார்கள். பொத்தானை எவ்வளவு வேகமாக அழுத்துகிறான் என்று பார்ப்பார்கள். அடிபடாத தலை வாங்குகிற மதிப்பெண் அது. பிறகு எப்போதாவது தலையில் அடிபட்டால் அதே பரீட்சையை மறுபடியும் எழுத வேண்டும். பழைய மதிப்பெண் வந்தால்தான் ஆடலாம்.

இதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஆகஸ்டில் கொஞ்சம் மக்காக இருந்துவிட்டால் அக்டோபரில் கவலையில்லை. அல்ஜீப்ராவில் எதையும் கண்டுபிடிக்காத பையன்கள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அரைகுறையாகச் செய்தார்கள். ரொம்ப மக்காக எழுதினால் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்து, திரும்ப எழுதச் சொல்லும். அளவோடு மக்காக இருப்பதற்குப் பயிற்சி வேண்டும். அதை நான் கொடுத்தேன், என் கார் கொட்டகையில். பையன்களுக்குச் சாசேஜ் சுட்டுக் கொடுத்து, ஒரு அட்டையில் சொற்களை எழுதிக் காட்டுவேன்.

"பாதியை விட்டுடு. ஆனா மொதல் வார்த்தைய விடாதே, அது ஒரு மாட்டுக்குக்கூட ஞாபகம் இருக்கும்" என்பேன்.

பெரிய உடம்புக்காரப் பையன் ஒருவன், கார்ல் என்று பெயர். பயிற்சிக்கு வரவில்லை. அவன் எழுதியதைக் கம்ப்யூட்டர் நிராகரித்துவிட்டது. "ஏன்டா இப்படி அப்பட்டமா ஏமாத்துற?" என்று கேட்டேன். "இல்ல கோச், நான் உண்மையாவே முயற்சி பண்ணேன்" என்றான். ஒரு வாரம் அணியே அதைச் சொல்லிச் சிரித்தது.

எம்மெட்டுக்குத்தான் இந்தப் பயிற்சி வரவில்லை. அவன் நன்றாகப் படிக்கிற பையன், வேதியியல் என்றால் உயிர். அட்டையைக் காட்டினால் எல்லாச் சொல்லையும் ஒப்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான்.

"தெரிஞ்ச பதிலைத் தெரியாத மாதிரி விடுறது கஷ்டமா இருக்கு கோச்."

"கல்யாணம் பண்ணிக்கோ, பழகிடும்" என்றேன்.

கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. பிறகு கற்றுக்கொண்டான். நான் பார்த்ததிலேயே அழகான மட்டமான மதிப்பெண் அவனுடையதுதான். சந்தேகமே வராது.

அக்டோபரில் ஒரு ஆட்டம். எம்மெட் ஓடிவந்தவன்மேல் பாய்ந்தான், தலையும் தலையும் மோதின. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம், கார் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். அவன் எழுந்தான், கவசத்தைச் சரிசெய்துகொண்டான், நேராக நடந்துபோய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அவர்களும் கொடுத்தார்கள். மைதானமே சிரித்தது, நானும் சிரித்தேன். போய்த் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

"என்னடா, அந்தப் பக்கம் பொண்ணு பாத்துட்டியா?"

அவன் என்னைப் பார்த்தான். "நாம இன்னைக்கு யாரோட ஆடுறோம் கோச்?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவன் கேட்ட இந்தக் கேள்வியை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

பையன்களின் உடம்பைப் பார்த்துக்கொள்ள கெல்சி என்று ஒரு பெண் இருக்கிறாள். கல்லூரி முடித்து வந்தவள், கணுக்காலுக்குக் கட்டுப் போடுவாள், ஐஸ் வைப்பாள். நான் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டுச் சீண்டுவேன். அவள் எம்மெட்டை அன்றைக்கு உட்கார வைத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை, சட்டம் சட்டம்தான். அடுத்த வாரம் பரீட்சை எழுத வைத்தாள். அதன் முடிவோடு என்னிடம் வந்தாள்.

"ரே, இத கொஞ்சம் பாருங்க. ஆகஸ்ட்ல எடுத்ததவிட இப்ப அதிகமா எடுத்திருக்கான்."

"நல்லதுதானே டாக்டரம்மா. ரெண்டு அடி விழுந்தா அறிவு வரும்னு எங்கப்பாவும் சொல்வாரு. மத்த பசங்களையும் வரிசையா நிக்க வெச்சு ஒரு மோது மோதலாமா?"

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற தலைமைக் கோச் சிரித்தார். அதற்குப் பிறகு அவளும் கொஞ்சம் சிரித்தாள், வயதில் சின்னவள்தானே. பள்ளிக்கு வருகிற மருத்துவர் இரண்டு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டார். அவர்மேல் தப்பில்லை. நான் கொடுத்த தராசில்தான் அவர் எடை பார்த்தார்.

அடுத்த ஆட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு. வருஷத்தில் எங்களுக்கு அது ஒன்றுதான் ஆட்டம், மற்றதெல்லாம் ஒத்திகை. அதற்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம், எம்மெட் தனியாக என் கொட்டகைக்கு வந்தான். உள்ளே வந்ததும் விளக்கை அணைக்கலாமா என்று கேட்டான்.

"தலைவலி போகவே இல்ல கோச். கிளாஸ்ல ஒரே வரியத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், உள்ள போகல. காலைல அம்மா பேர் சட்டுனு வரல."

"உங்கம்மா பேர் எனக்கே மறந்துபோகும். லோரெய்ன். எழுதி வெச்சுக்கோ."

"கெல்சிகிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன். ஆகஸ்ட்ல நான் வேணும்னே தப்பா எழுதினதையும் சேத்துச் சொல்லிடறேன். உங்க பேரச் சொல்ல மாட்டேன்."

நல்ல பையன். என் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றான்.

நான் அவனைத் திட்டவில்லை, மேடம். மிரட்டவில்லை. சொல்லாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம். சொல்லு, தாராளமாகச் சொல்லு என்றுதான் சொன்னேன்.

"சொன்னா அவ உனக்கு ஒரு சின்னத் தலகாணி குடுப்பா. வெள்ளிக்கெழம நீ அம்மா பக்கத்துல உக்காந்து, போர்வை போத்திக்கிட்டு, சூடா சாக்லேட் குடிச்சுக்கிட்டே பாக்கலாம். நாங்க உனக்குக் கையாட்டறோம். அந்தப் பக்கத்துக்காரனுங்களும் கையாட்டுவானுங்க, நீதான் அவங்க பெஞ்சுல உக்காந்தவனாச்சே."

"பயமா இருக்கு கோச்" என்றான்.

அதை நான் சின்னப் பெண் குரலில் அவனுக்கே திருப்பிச் சொன்னேன்.

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பிறகு சிரித்தான். நான் என் கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டேன், வெளிச்சம் படாமல் இருக்கட்டும் என்று. என் வலி மாத்திரைப் புட்டியிலிருந்து கொஞ்சம் கையில் கொட்டிக் கொடுத்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கண்ணாடியோடு போனானாம். சினிமா ஸ்டார் வந்துட்டான் என்று பையன்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு போனார்களாம். கெல்சி தலைவலி இருக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்றான். தெரிந்த பதிலை விடுவதற்கு நான் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை.

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்றுதானே அடுத்துக் கேட்பீர்கள். தெரியும். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால், அது லேசான அடியாக இருந்தாலும், மூளை வீங்கும், உயிரே போகலாம் என்று ஆகஸ்ட் கூட்டத்தில் கெல்சி படம் போட்டே காட்டினாள். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பின் ஏன் என்றால், உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா தெரியவில்லை. தலையில் அடிபட்டால் உட்கார வேண்டும் என்பது சரியென்றால், நாங்களும் உட்கார்ந்திருக்க வேண்டும். லூ உட்கார்ந்திருக்க வேண்டும், நானும். நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறேன், மேடம், படுத்தால் தலைக்குள் இரைச்சல். கடைக்குப் போய்விட்டு எதற்கு வந்தேன் என்று என் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்கிறேன். இதையெல்லாம் நாங்கள் வாங்கிக்கொள்ளாமலே இருந்திருக்கலாம் என்று, அந்தப் பையன் விளக்கை அணைத்துவிட்டு, என் கொட்டகையில் நின்று, மரியாதையாகச் சொல்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விழுந்தது பெரிய அடி இல்லை. அவன் அம்மாவே முதலில் எதையும் கவனிக்கவில்லை. யாரோ ஒருவனுடைய முழங்கை தலைக்கவசத்தில் பட்டது. எம்மெட் எழுந்து நின்றான், அடுத்த மோதலுக்குத் தன் இடத்தில் போய் நின்றான், பிறகு ஒற்றை முட்டியைத் தரையில் ஊன்றிக் குனிந்தான். ஷூ கயிற்றைக் கட்டுகிறவன் மாதிரி இருந்தது. நான் கோட்டோரத்திலிருந்து கத்தினேன்.

"என்னடா எம்மெட், முடிச்சுப் போடறதும் மறந்துபோச்சா?"

எங்கள் பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் பக்கவாட்டில் சாய்ந்தான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். நாங்கள்தான் ஜெயித்தோம். யாரும் இதைக் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுத்துத்தான் உயிரைப் பிடித்து வைத்தார்கள். இப்போது மலைமேல் இருக்கிற பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். கண் திறந்திருக்கிறது, பேச்சு இல்லை, குழாய் வழியாகச் சாப்பாடு. அணியில் இருந்தவர்கள் முதலில் கூட்டமாக வந்தார்கள். ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, சின்னப் பையன்கள். நான் ஞாயிறு தவறாமல் போகிறேன். லோரெய்னுக்கு எதுவும் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் அவன மறக்கல, ரே" என்பாள். எனக்கென்று தனியாக வால்நட் ரொட்டி சுட்டுக்கொண்டு வருவாள். சாப்பிடுகிறேன். நன்றாக இருக்கும்.

ஆக, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். பரீட்சையை ஏமாற்றச் சொல்லிக்கொடுத்தது நான். உண்மையைச் சொல்லப் போனவனைத் திருப்பி அனுப்பியது நான். அவன் சாகலாம் என்று தெரிந்தே அனுப்பினேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன், பேனா மட்டும் தடிமனாக இருந்தால் நல்லது.

ஆனால் கொலைகாரனைப் போல என்னைப் பார்க்காதீர்கள். எங்களுக்குள் எந்த மனக்கசப்பும் இல்லை. லோரெய்ன் காப்பி வாங்கப் போகும்போது அவன் காதருகே குனிந்து, அந்தப் பக்கத்துக்காரனுங்க இன்னும் உன்ன நெனச்சுப் பயந்துக்கிட்டு இருக்கானுங்கடா என்று சொல்வேன். உதட்டோரம் மெல்ல மேலே போகும். அது நரம்பு இழுப்பு, அர்த்தம் எதுவும் இல்லை என்கிறாள் அங்கே இருக்கிற நர்ஸ். அவளுக்கு எம்மெட்டைத் தெரியாது, எனக்குத் தெரியும். என்மேல் கோபம் இருந்தால் அந்தப் பையன் சிரிப்பானா, நீங்களே சொல்லுங்கள்.