லேபில் நிற்கும் தாத்தா

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் மாலை பஸ். முன் சீட்டில் இரண்டு பிளஸ் டூ பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள்தான் ஆரம்பித்தாள்.

"பயாலஜி லேப்ல நிக்கிற தாத்தா, தாத்தா இல்லடி."

"எது, டெஸ்டுக்கு முன்னாடி நாம திருநீறு பூசுவமே, அந்த எலும்புக்கூடா?"

"ஆமா. இடுப்பெலும்பு அகலமா இருந்தா பொம்பளைன்னு சார் நடத்துனாருல்ல? போயி பாத்தேன். அது பொம்பளடி."

"ஐயய்யோ! அப்புறம்?"

"திருநீற தொடச்சிட்டு, 'மன்னிச்சிருங்கக்கா'ன்னேன். பட்டுன்னு வாயத் தொறந்துருச்சு."

"தாடையில ஸ்பிரிங் லூசாயிருக்கும்டி."

"சாரும் அதான் சொன்னாரு."

சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றுவிட்டது. ஸ்பிரிங் என்று சொன்னவள்தான் மறுபடி ஆரம்பித்தாள்.

"இவ்வளவு நாளா தாத்தா தாத்தான்னு கூப்பிட்டமே, அப்பல்லாம் ஏன்டி லூசாகல?"